புலியோடு ஒரு போட்டோ!

வேட்டைக்காரர்கள் தங்களைக் காட்டிக்கொண்ட விதம்

சாந்தோம் என்றதும் நமக்கு நினைவு வருவது கடற்கரை. கடலைப் பார்த்து உயர்ந்து நிற்கும் வெண்ணிறத் தேவாலயம். நொச்சிக்குப்பத்து மீன் கடைகள். வேட்டை என்ற சொல் யாருக்கும் நினைவு வராது. ஆனால் பாருங்கள், இந்த வட்டாரத்தைப் பற்றி அந்நிய யாத்ரிகர் ஒருவர் எழுதிவைத்த மிகப் பழைய கதைகளில் ஒன்று வேட்டைக் கதைதான்!

வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் தமிழகக் கரைக்கு வந்தவர். புனித தோமையார் உயிர் நீத்த விதத்தைப் பற்றித் தாம் கேட்ட கதையை அவர் இப்படிச் சொல்கிறார். தோமையார் தமது குடிலுக்கு வெளியே மரங்களுக்கு நடுவில் பிரார்த்தனையில் ஆழ்ந்திருந்தார். சுற்றிலும் ஏராளமான மயில்கள். மயில் வேட்டைக்கு வில்லும் அம்புமாக வந்த ஒருவன், பறவைகளுக்கு நடுவே ஒரு மனிதர் இருப்பதைக் கவனிக்காமல் அம்பை எய்துவிட்டான். மயிலுக்கு வைத்த குறி தோமையாரின் வலது விலாவில் பாய்ந்தது. ஊரின் பெயரை மார்க்கோ போலோ எழுதவில்லை. எனினும் அது மயிலாப்பூர், சாந்தோம் பகுதியே என்று கொள்வது வழக்கம். திருச்சபையின் மரபு வேறு. பரங்கிமலையில் ஈட்டியால் குத்தப்பட்டார் என்பது அது. எது சரித்திரம், எது கதை என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை அல்ல.

நாம் கவனிக்க வேண்டியது அந்த வேடனை. அன்று மாலை அவன் வீடு திரும்பி, "இன்று என்ன அடித்தேன் தெரியுமா?" என்று மார்தட்டியிருக்க முடியுமா? முடியாது. வேட்டைக்கு எப்போதும் இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று, காட்டில் நடப்பது. இரண்டு, ஊருக்கு வந்து சொல்வது. முதல் பாகத்துக்குக் காடுதான் சாட்சி. இரண்டாவது பாகத்துக்குக் காமிரா என்று ஒரு சாட்சி வந்து சேர்ந்தது சுமார் 150 ஆண்டுகளுக்கு முன்புதான். அந்தச் சாட்சி என்ன சொல்லிற்று, எதை மறைத்தது, பிற்காலத்தில் யாருக்கு எதிராகத் திரும்பிற்று என்பது சுவையான கதை.

கல்லில் நின்ற வீரன்

வேட்டையாடியவனையும் விலங்கையும் ஒரே சட்டத்துக்குள் வைத்துக் காட்டுவது தமிழனுக்குப் புதிதல்ல. காமிரா பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம் முன்னோர் அதைக் கல்லில் செய்தார்கள். கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரங்களிலும், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களிலும் வயலோரத்தில் ஒரு பலகைக் கல்லைக் காட்டி, "இது புலிகுத்திக் கல்" என்பார்கள். தலையில் கொண்டையும் இடையில் கச்சையுமாக ஒரு வீரன். எதிரே பின்னங்கால்களில் எழும்பி நின்று பாயும் புலி. வீரனின் ஆயுதம் புலியின் உடலில் பாய்ந்திருக்கும். மாட்டு மந்தையையோ ஊரையோ காக்கப் புலியோடு பொருது மாண்டவனுக்கு ஊரார் எடுத்த கல் அது. பல ஊர்களில் இன்றும் அதற்குப் பூசை நடக்கிறது. இத்தகைய நடுகற்களுக்கு மயிற்பீலி சூட்டிக் கள் படைத்து வழிபட்டதைச் சங்க நூல்கள் கூறுகின்றன.

அந்தக் கல்லில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். புலி உயிரோடு இருக்கிறது. அதன் வீரியம் குறைத்துக் காட்டப்படவில்லை. கல்லில் இடம் பெற மனிதன் தன் உயிரையே விலையாகக் கொடுத்திருக்கிறான். கல்லை எடுத்தது அவன் அல்ல, ஊர். தனக்குத் தானே நடுகல் நட்டுக்கொண்டவன் தமிழ்நாட்டில் கிடையாது!

இனி போட்டோவுக்கு வருவோம். இந்த மூன்றும் அதில் தலைகீழாகப் புரண்டுவிட்டன.

செத்த புலி அசையாது

காமிராவின் ஆரம்ப காலத்தில் அது ஒரு பெரிய பெட்டி. மூன்று கால் தாங்கி, கண்ணாடித் தகடுகள், ரசாயனப் புட்டிகள், இருட்டுக் கூடாரம் எல்லாம் கூடவே பிரயாணம் செய்ய வேண்டும். தகட்டில் மருந்து பூசி, ஈரம் உலருமுன் படமெடுத்து, உடனே கழுவ வேண்டும். படத்துக்கு நிற்பவர்கள் பல விநாடிகள் அசையாமல் இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு வந்த மாமனாரையே அசையாமல் நிற்கவைப்பது கடினம். காட்டுப் புலி நிற்குமா? செத்த புலி அசையாது. ஆகவே காட்டு விலங்கின் நல்ல படம் வேண்டுமென்றால் முதலில் துப்பாக்கி, பிறகு காமிரா என்பதே முறையாகிவிட்டது. பின்னால் உலர்தகடு வந்தது. 1888-ல் கோடக் கைக்காமிரா வந்தது. ஆனால் அதற்குள் துரைமார்களுக்கும் மகாராஜாக்களுக்கும் பழைய முறை பழகிப்போயிற்று.

இன்னொரு காரணம் நம் நாட்டு வெயில். சுட்ட விலங்கைச் சீக்கிரம் உரிக்காவிட்டால் தோல் கெட்டு ரோமம் உதிரத் தொடங்கும். தோல் உரிப்பவர்கள் கத்தியோடு காத்திருப்பார்கள். யானை மேலோ மாட்டு வண்டியிலோ புலி முகாமுக்கு வந்து சேர்வதற்கும், கத்தி அதன் மேல் படுவதற்கும் நடுவில் உள்ள சிறிய இடைவேளைதான் போட்டோ நேரம். அதற்குள் துரை முகம் கழுவி, தொப்பியைச் சரிசெய்து வந்து நிற்க வேண்டும். படத்தில் அவர் அவ்வளவு நிதானமாக நிற்கிறாரே, காட்டில் இப்படித்தான் நின்றாரோ என்று எண்ணிவிடக் கூடாது. நாம் பார்ப்பது வேட்டையை அல்ல. வேட்டை முடிந்த பிறகு நடந்த ஒரு சிறு நாடகத்தை.

இந்த நாடகத்துக்கு ஒரு பிரசித்தமான உதாரணம் 1902-ல் எடுத்த படம். வைஸ்ராய் கர்சன் பிரபு ஹைதராபாத் சமஸ்தானத்தில் வாரங்கல் பக்கத்து நெகொண்டாவுக்கு வேட்டைக்குப் போனார். நிஜாமின் ஆஸ்தானப் படக்காரர் லாலா தீன்தயாள் காமிராவோடு காத்திருந்தார். பிரபுவும் சீமாட்டியும் நிற்கிறார்கள். காலடியில் புலி கிடக்கிறது. இந்தியாவை ஆள்பவர் யார் என்று பக்கம் பக்கமாக எழுதிச் சொல்ல வேண்டியதை அந்த ஒரு படம் சொல்லிவிட்டது. காட்டின் ராஜாவே காலடியில் கிடக்கும்போது நாட்டு ஜனங்கள் எம்மாத்திரம்!

ஒரு சாண் கூட்டும் வித்தை

வேட்டைக்காரர் தம்மை அழகாகக் காட்டிக்கொண்டது ஒரு பங்கு என்றால், விலங்கைப் பெரிதாகக் காட்டியது ஒன்பது பங்கு. அதற்கு வித்தைகள் உண்டு.

முதல் வித்தை அளவு நாடா. செத்த புலியை நீட்டிக் கிடத்தி, மூக்கு நுனியில் ஒரு முளை, வால் நுனியில் ஒரு முளை அடித்து, இரண்டுக்கும் நடுவே நேர்க்கோட்டில் அளப்பது ஒரு முறை. நாடாவை உடம்பின் மேடு பள்ளங்களில் படியவைத்து அளப்பது இன்னொரு முறை. இரண்டாவது முறையில் அதே புலி பல அங்குலம் வளர்ந்துவிடும்! எந்த முறையில் அளந்தது என்று சொல்லாமல் "பத்தடிப் புலி" என்று எழுதிவிட்டால், கேட்பவர்களுக்கு வாய் பிளப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டாவது வித்தை நிற்கும் இடம். காமிராவுக்கு அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும். தள்ளி இருப்பது சிறிதாகத் தெரியும். விலங்கை முன்னால் கிடத்தி, நாலைந்து அடி பின்னால் தள்ளி உட்கார்ந்தால் நரியும் ஓநாய் ஆகும். தூண்டில்காரர் மீனைக் கைநீட்டி முன்னால் பிடித்துக்கொண்டு நிற்பதும் இதே சூட்சுமம்தான்.

மூன்றாவது வித்தை ஒப்பனை. இரத்தத்தைத் துடைப்பார்கள். தொங்கும் நாக்கை வாய்க்குள் தள்ளுவார்கள். குண்டு பாய்ந்த பக்கத்தைக் கீழே திருப்புவார்கள். தலையைக் கட்டைமேல் தூக்கிவைப்பார்கள். கோரைப் பற்கள் தெரிய வாயில் குச்சி கொடுத்துத் திறந்துவைப்பதும் உண்டு. சாகும்போது எப்படி இருந்ததோ, படத்தில் அது சீற்றமாகவே இருக்க வேண்டும். பூனைபோல் தூங்கும் புலியின் பக்கத்தில் நின்றால் வீரம் ஏது?

படத்தில் வந்த இந்தச் சீற்றத்தை நிரந்தரமாக்கிக் கொடுத்தவர்கள் மைசூரில் இருந்தார்கள். வான் இன்ஜன் குடும்பத்தார் 1900-ஐ ஒட்டித் தொடங்கி 1999 வரை நடத்திய பாடம் செய்யும் தொழிற்சாலை உலகப் பிரசித்தி பெற்றது. உறுமும் முகத்துக்கென்றே அச்சுகள் வைத்திருந்தார்கள். நீலகிரியிலும் மைசூர்க் காடுகளிலும் சுடப்பட்ட எத்தனையோ புலிகளும் சிறுத்தைகளும் அங்கே போய், கண்ணாடிக் கண்களோடு திரும்பிப் பங்களாச் சுவர்களில் ஏறின.

எல்லா நாட்டிலும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் வேட்டைக்காரர்களிடையே ஒரு பழைய ஆசாரம் உண்டு. சுட்ட மானின் வாயில் ஒரு பசுந்தழையை வைப்பார்கள். அதற்குக் "கடைசிக் கவளம்" என்று பெயர். வேட்டையில் விழுந்தவற்றை வரிசையாகக் கிடத்திக் கொம்பு ஊதி மரியாதை செய்வார்கள். கிடத்திய விலங்கைத் தாண்டிக் கால் வைக்கக் கூடாது. கொல்வது கொல்வதுதான், எனினும், கொன்றதன் மேல் பூட்ஸ் காலை ஊன்றிப் படமெடுப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லையா?

ஓரத்தில் நிற்பவர்கள்

பழைய வேட்டைப் படம் ஒன்று கிடைத்தால், நடுவில் நிற்பவரை விட்டுவிட்டு ஓரத்தைப் பாருங்கள். அங்கே நாலைந்து பேர் நிற்பார்கள் அல்லது குந்தியிருப்பார்கள். தலையில் துண்டு, கையில் கழி. சிலர் முகம் பாதி வெட்டுப்பட்டிருக்கும். புலியின் அடிச்சுவடு கண்டு சொன்னவர் அவர். எருமைக் கன்றைக் கட்டி இரை வைத்தவர் அவர். பறை அடித்துக் காட்டைக் கலக்கிப் புலியை விரட்டிக்கொண்டு வந்தவரும் அவரே. துரை மரத்தின் மேல் பரணில் இருந்தார். இவர் தரையில் இருந்தார். புலி திரும்பிப் பாய்ந்தால் யார்மேல் பாயும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் படத்தின் அடியில் துரையின் பெயர் இருக்கும், புலியின் நீளம் இருக்கும், தேதி இருக்கும். ஓரத்தில் நிற்பவருக்குப் பெயர் இருக்காது. "ஷிகாரி", "கூலிகள்" என்று எழுதியிருந்தாலே பெரிது. புலிகுத்திக் கல்லில் நடுநாயகமாக நின்ற மனிதன், போட்டோ வந்ததும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டான்!

1911-ல் டில்லி தர்பாருக்கு வந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் நேபாளத்துத் தராய்க் காட்டில் பத்து நாள் வேட்டையாடினார். அவருடைய கோஷ்டியார் வீழ்த்தியவை 39 புலிகள், 18 காண்டாமிருகங்கள், 4 கரடிகள். இவ்வளவும் மன்னர் குறியின் மகிமை என்று படம் சொல்லும். நூற்றுக்கணக்கான யானைகளும், அவற்றை வளைத்து வியூகம் கட்டிய மாவுத்தர்களும் இல்லாமல் அது நடந்திருக்குமா என்று படம் சொல்லாது.

எல்லாம் ஜம்பமா?

எல்லா வேட்டைப் படங்களும் ஜம்பத்துக்காக எடுத்தவை என்று சொன்னால் அது நியாயமல்ல. கார்வால் மலையில் பத்ரி, கேதார யாத்ரிகர்கள் போகும் பாதையில் ஒரு சிறுத்தை 125 பேரைக் கொன்றதாகச் சர்க்கார் கணக்கு. எட்டு ஆண்டுகள் அந்தப் பக்கத்தில் இருட்டிய பின் கதவு திறப்பவர் இல்லை. 1926 மே மாதத்தில் ஜிம் கார்பெட் அதைச் சுட்டார். செத்த சிறுத்தையின் பின்னால் அவர் அமர்ந்திருக்கும் படம் பிரசித்தமானது. "இனிப் பயமில்லை, அது செத்துவிட்டது" என்று ஜனங்களுக்குச் சொல்லும் அத்தாட்சி அது. கார்பெட்டும் தமது நூலில் அதை அரக்கன் என்று எழுதவில்லை. அது வயதான ஒரு சிறுத்தை, மனிதர் சட்டத்துக்குத்தான் அது குற்றவாளி, இயற்கையின் சட்டத்துக்கு அல்ல என்ற கருத்தையே எழுதினார். படம் ஒன்றுபோல் இருக்கலாம். படம் எடுத்த காரணம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

காரணம் மாறினால் மதிப்பும் மாறும் என்பதை 1961-ல் உலகம் பார்த்தது. அந்த ஆண்டு ஜனவரியில் எலிசபெத் ராணியும் கணவர் பிலிப் கோமகனும் ஜெய்ப்பூர் மகாராஜாவின் விருந்தாளிகளாக ராந்தம்பூர் காட்டுக்குச் சென்றார்கள். பிலிப் ஒரு புலியைச் சுட்டார். முன்னால் புலி கிடக்க, பின்னால் ராணி, கோமகன், மகாராஜா தம்பதி ஆகியோர் நிற்கும் படம் பத்திரிகைகளில் வந்தது. அதே சுற்றுப்பயணத்தில்தான் பிப்ரவரியில் அவர்கள் நம் சென்னைக்கும் வந்தார்கள். ஐம்பது ஆண்டுகள் முன்னால் எடுத்திருந்தால் அது ராஜ கம்பீரம். 1961-ல் அது கண்டனத்துக்கு ஆளாயிற்று. வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு உலக வனவிலங்கு நிதியம் தோன்றியது. அதன் பிரிட்டிஷ் கிளைக்கு முதல் தலைவர் ஆனவர் பிலிப்தான்!

ஸ்பெயின் மன்னர் ஹுவான் கார்லோஸுக்கு இன்னும் கடுமையாகப் பலித்தது. செத்த யானையின் முன் அவர் துப்பாக்கியோடு நிற்கும் பழைய படம் ஒன்று 2012-ல் வெளிவந்தது. அவர் போட்ஸ்வானாவில் யானை வேட்டைக்குப் போய் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்ட சமயம். நாட்டிலோ வேலையின்மை, மக்கள் கொதித்தெழுந்தார்கள். மன்னர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அந்நாட்டு வனவிலங்கு நிதியம் கௌரவத் தலைவர் பதவியிலிருந்து அவரை நீக்கியது. பெருமைக்கு எடுத்த படமே பெருமையைக் குலைத்தது.

படமே சாட்சி

இதைவிடத் துயரமான படம் நம் நாட்டில் ஒன்று உண்டு. சிவிங்கி எனப்படும் வேட்டைச்சிறுத்தையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தரையில் ஓடும் விலங்குகளில் அதற்கு இணையான வேகம் எதற்கும் இல்லை. மொகலாயர் காலத்தில் அதைப் பழக்கி மான் வேட்டைக்குக் கொண்டுபோவார்கள். 1947-ல், இன்றைய சத்தீஸ்கரில் இருந்த கோரியா சமஸ்தானத்து மகாராஜா ராமானுஜ பிரதாப் சிங் தேவ் இரவில் மோட்டாரில் போகும்போது விளக்கு வெளிச்சத்தில் மூன்று சிவிங்கிகளைக் கண்டார். மூன்றும் ஆண், ஒரே ஈற்றுக் குட்டிகள் போலும். மூன்றையும் சுட்டுவிட்டார். வழக்கம்போல் அவற்றைக் கிடத்தித் துப்பாக்கியோடு நின்று படமும் எடுத்துக்கொண்டார்.

அந்தப் படமும் விவரமும் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சஞ்சிகைக்கு வந்தன. ஆசிரியர்கள் அருவருத்துக் குப்பைக்கூடையில் போட நினைத்து, பிறகு பாராட்டாக அல்ல, குற்றச்சாட்டாகவே வெளியிடுகிறோம் என்று குறிப்பு எழுதி அச்சிட்டார்கள். 1952-ல் இந்தியாவில் சிவிங்கி இனம் அற்றுவிட்டதாக அறிவிக்கப்பட்டது. இந்நாட்டுச் சிவிங்கிகளைப் பற்றி ஐயமற்ற கடைசிச் சான்றாக எல்லோரும் இன்று எடுத்துக் காட்டுவது அந்தப் படத்தைத்தான். "நான் சுட்டேன்" என்று சொல்ல எடுத்த படம், "இனி இல்லை" என்று சொல்லிக்கொண்டு நிற்கிறது. 70 ஆண்டுகள் கழித்து, 2022 செப்டம்பரில், நமீபியாவிலிருந்து 8 சிவிங்கிகளை விமானத்தில் ஏற்றி மத்தியப் பிரதேசத்துக் கூனோ காட்டுக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

கடல் வேட்டைக்கும் இதே கதை உண்டு. அமெரிக்காவின் தென்கோடியில் கீ வெஸ்ட் என்று ஒரு தீவு. வாடகைப் படகில் போய்த் தூண்டில் போடும் உல்லாசிகள் கரை திரும்பியதும், பிடித்ததில் பெரிய மீன்களைப் பலகையில் மாட்டிப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். 1956 முதல் 2007 வரை எடுத்த இத்தகைய படங்களை லோரன் மெக்கிளெனக்கன் என்ற ஆராய்ச்சியாளர் ஒப்பிட்டு, படத்திலுள்ள மீன்களின் அளவைக் கணக்கிட்டார். 2009-ல் முடிவு வெளிவந்தது. 1950-களில் ஒரு மீனின் சராசரி எடை 19.9 கிலோ. 2007-ல் 2.3 கிலோ! ஆள் உயர மீன்கள் தொங்கிய இடத்தில் முழ நீள மீன்கள் தொங்குகின்றன. பக்கத்தில் நிற்பவர்களின் சிரிப்பு மட்டும் குறைந்ததாகத் தெரியவில்லை. தாத்தா பிடித்ததைப் பேரன் பார்க்கவில்லை. ஆகவே தான் பிடித்ததே பெரிது என்று நினைக்கிறான். குறைந்துகொண்டே வருவது கண்ணுக்குத் தெரியாமல் போவது இப்படித்தான்.

மயிலாப்பூர் சொன்ன பதில்

துப்பாக்கிக்குப் பிறகுதான் காமிரா என்ற முறையை உடைத்தவர்களும் இருந்தார்கள். ஐக்கிய மாகாணத்துக் காட்டிலாகா அதிகாரி எப். டபிள்யூ. சாம்பியன், காட்டுப் பாதையில் கம்பி கட்டி, புலியே இடறிக் காமிராவை இயக்கும்படி செய்து இரவில் படம் எடுத்தார். 1927-ல் அவர் வெளியிட்ட நூல் பலர் கண்ணைத் திறந்தது. அவரைப் பார்த்துக் காமிரா எடுத்தவர்களில் கார்பெட்டும் ஒருவர்.

நம் ஊரில் அந்தப் பதிலைச் சொன்னவர், சாந்தோமிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் மயிலாப்பூர் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், "பெருங்குளம் ஹவுஸ்" என்ற வீட்டில் வாழ்ந்தவர். அந்தச் சாலைதான் இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை. பல காமிராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே ஒரு காமிராவை உருவாக்கி, அதன் பளுவைக் கேலி செய்து "சூப்பர் பாண்டரோசா" என்று பெயர் வைத்தார். முதுமலையிலும் பிற காடுகளிலும் நடந்தும், பழக்கிய யானைமேல் அமர்ந்தும் யானைக் கூட்டங்களையும் காட்டெருதுகளையும் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். 1950 முதல் 1996-ல் மறையும் வரை ஆங்கிலப் பத்திரிகையொன்றில் இடைவிடாமல் இயற்கைப் பத்தி எழுதினார். தமிழிலும் எழுதினார். 1970-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

அவருடைய படங்களில் ஒரு விசேஷம். மனிதன் இல்லை! தந்தத்தைத் தூக்கிக்கொண்டு ஆண் யானை நிற்கும். குட்டியை நடுவில் விட்டுத் தாய்கள் நிற்கும். எடுத்தவர் எவ்வளவு அருகில் நின்றார், எத்தனை மணி நேரம் காத்திருந்தார் என்பதைப் படமே சொல்லும். தைரியம் வேண்டும்தான், ஆனால் அதைக் காட்டத் தலை காட்ட வேண்டியதில்லை. புலிகுத்திக் கல்லைப் போல இங்கேயும் விலங்கு உயிரோடு இருக்கிறது. இந்தத் தடவை மனிதனும் உயிரோடு வீடு திரும்புகிறான்.

ஓரத்திலிருந்து நடுவுக்கு

ஓரத்தில் நின்றவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்கிறீர்களா? அதற்கும் பதில் உண்டு. சாந்தோமிலிருந்து தெற்கே கடற்கரைச் சாலையோடு மாமல்லபுரம் பக்கம் போனால் வடநெம்மேலி வரும். அங்கே 1978-ல் தொடங்கியது இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்துக் கொடுத்தவர்கள் இருளர். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து தோல் வியாபாரம் படுத்ததும் பிழைப்பு போயிற்று. ராமுலஸ் விட்டேக்கரும் இருளர்களும் சேர்ந்து கண்ட வழி இது: பாம்பைப் பிடிப்பது, விஷத்தை எடுப்பது, மீண்டும் காட்டில் விடுவது. அந்த விஷம் பாம்புக்கடி மருந்தாகி எத்தனையோ உயிர்களைக் காக்கிறது.

2017-ல் இந்த இருளர்களில் இருவரை, மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும், அமெரிக்காவின் புளோரிடா மாகாணம் வரவழைத்தது. அங்கே அந்நிய நாட்டு மலைப்பாம்புகள் பெருகி உள்ளூர் விலங்குகளை அழித்துக்கொண்டிருந்தன. இருவரும் முதல் சில நாட்களிலேயே 13 பாம்புகளைப் பிடித்தார்கள். அவற்றில் ஒன்று 16 அடி. பாம்போடு அவர்கள் நிற்கும் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. நடுவில் நின்றவர்கள் அவர்கள். அடியில் அச்சானது அவர்கள் பெயர். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. ஓரத்திலிருந்து நடுவுக்கு வர ஒரு நூற்றாண்டு பிடித்தது.

கைப்பேசிக் காலம்

இன்று எல்லார் சட்டைப் பையிலும் காமிரா. இருட்டுக் கூடாரமும் வேண்டாம், தீன்தயாளும் வேண்டாம். உடும்பையோ முயலையோ மயிலையோ அடித்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, படத்தை உடனே ஊரெல்லாம் அனுப்பிவிடுகிறார்கள் சில இளைஞர்கள். அந்தப் படத்தைப் பார்த்தே வனத்துறையினர் வீடு தேடி வந்த சம்பவங்களும் நடந்திருக்கின்றன. மயில் 1963 முதல் நம் தேசியப் பறவை. மயிலும் உடும்பும் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. கர்சன் பிரபுவின் ஆசை இன்றைய பையனுக்கும் இருக்கிறது: "என்னைப் பார்!" பிரபுவுக்குப் படம் பட்டமாயிற்று, பையனுக்கு அது வாக்குமூலம் ஆகிறது.

கடைசியாக வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்து ஆல்பம் இருக்கலாம். அதில் யாரோ ஒருவர் சிறுத்தையின் பக்கத்திலோ, மான் கொம்பின் பக்கத்திலோ நிற்கலாம். வெட்கப்பட்டுக் கிழித்துவிடாதீர்கள்; பெருமைப்பட்டுக் கூடத்தில் மாட்டவும் வேண்டாம். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, படத்தின் பின்புறம் எழுதி வையுங்கள். எந்தக் காடு? எந்த ஆண்டு? என்ன விலங்கு? ஓரத்தில் நிற்பவர் பெயர் என்ன? நொச்சிக்குப்பத்திலோ முள்ளிக்குப்பத்திலோ ஒரு வீட்டில், கட்டுமரத்தின் பக்கத்தில் பெரிய மீனோடு பாட்டனார் நிற்கும் படம் இருந்தால் அதையும் அப்படியே செய்யுங்கள். அவர் பிழைப்புக்குப் பிடித்தவர், ஜம்பத்துக்கு அல்ல. ஆனால் அந்த மீனின் நீளம் நம் கடலின் வரவு செலவுக் கணக்கில் ஒரு வரி.

பெயரும் ஆண்டும் எழுதாத படம் பெருமை பேசும். எழுதிய படம் உண்மை பேசும்.